எண்பத்து நாலு கிராம் கத்தி

செந்தமிழ்ச்செல்விக்கு ஒரு கத்தி வேண்டியிருந்தது. மடக்குக் கத்தி. கடைக்குப் போய் நாலைந்தைக் கையில் எடுத்துப் பார்த்து, பிடித்ததை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் காரியம். ஆனால் அவள் ஒரு தப்பு செய்துவிட்டாள். ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

செல்விக்குக் கல்வராயன் மலையில், கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை. கள்ளக்குறிச்சியில் காலையில் பஸ் ஏறினால், வளைவெல்லாம் குலுங்கி முடித்து வெள்ளிமலையில் இறங்கும்போதே பாதித் தெம்பு போயிருக்கும். மீதிப் பாதிக்கு மாடு இருக்கிறது. டாக்டர் ஊசி போடுவார். மாட்டைக் கட்டுவதும் பிடிப்பதும் உதை வாங்குவதும் இவள் பங்கு. மருந்துப் பெட்டியின் பட்டையை அறுக்க, குளுக்கோஸ் குழாயை நறுக்க, இற்றுப்போன மூக்கணாங்கயிற்றை எடுக்க என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கத்தி வேண்டும். எல்லாவற்றிலும் மோசமானது கழுத்தில் புதைந்த கயிறு. கன்றாக இருக்கும்போது கட்டின கயிற்றைத் தளர்த்த மறந்துவிடுவார்கள். கன்று வளரும், கயிறு வளராது. தோலுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே கத்தியைச் செருகி, கூர்ப்பக்கத்தை வெளியே திருப்பி இழுத்து அறுக்க வேண்டும். வலி பொறுக்காமல் மாடு தலையைத் திருப்பினால் அதன் எடை முழுவதும் கத்தியின் முதுகில் விழும். கத்தி அப்போது மடங்கினால், மடங்குகிற வழியில் இருப்பது அவள் விரல்.

ஆடி மாதம் அப்படித்தான் மடங்கியது. சந்தையில் வாங்கிய கத்தி, பூட்டு கிடையாது. வலது ஆள்காட்டி விரலில் நாலு தையல். தையல் போட்டவர் மனுஷ டாக்டர். "நரம்புக்கு நூல் அளவு தள்ளி வுட்டுட்டதும்மா. அதே எடத்துல இன்னொரு தரம் பட்டா அப்புறம் வெரலு மடங்காது" என்று சொல்லி அனுப்பினார். மடங்காத விரலால் கயிறு பிடிக்க முடியாது. கயிறு பிடிக்க முடியாதவளுக்கு அந்த வேலையில் இடம் இல்லை. ஆயுத பூசை முடிந்த திங்கட்கிழமை மலையில் கோமாரித் தடுப்பூசி முகாம் தொடங்குகிறது. இருபத்தோரு நாள், தினம் எழுபது எண்பது மாடு. அதற்குள் கத்தி வேண்டும்.

எந்தக் கத்தி என்பதிலும் அவளுக்குக் குழப்பமில்லை. விரித்ததும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும், எவ்வளவு அழுத்தினாலும் பூட்டு விடக்கூடாது. ஒரு கையில் மாடு இருக்கும் என்பதால் மறு கையாலேயே விரிக்க வர வேண்டும். தடுப்பூசி மருந்து வைக்கிற ஐஸ் பெட்டியே தோளை இழுக்கிறது, ஆகவே கத்தி கனக்கக் கூடாது. மலைப் பனியிலும் மாட்டு மூத்திரத்திலும் துருப்பிடிக்காமல் இருந்தால் போதும். கச்சிராயபாளையம் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் அப்படி ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தாள். ஆரஞ்சு நிறக் கைப்பிடி. புல்லில் விழுந்தாலும் தெரியும்.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நைனார்பாளையத்தில், கணவனுடைய அண்ணன் வீட்டில் சாப்பாடு.

அண்ணன் பெயர் ராஜாங்கம். பதினாலு ஏக்கரில் கரும்பும் மரவள்ளியும். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அவர் செய்து பார்த்த விஷயம்தான் கொஞ்சம் கம்மி. போன வருஷம் அவர் செக்கு எண்ணெய் நிபுணர். அதற்கு முந்தின வருஷம் முதுகெலும்பு நிபுணர். எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு கருமாதி வீட்டில்கூடப் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். இந்த வருஷம் என்ன செய்வது என்று தெரியாமல் புரட்டாசி வரை சும்மா இருந்தார். மனிதர் சும்மா இருப்பது குடும்பத்துக்கே நல்லதில்லை.

"கத்தியா? எதுக்கு?" என்றார், ரசத்தை ஊற்றச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டே.

"மாட்டு வேலைக்கு மாமா. பழசுதான் மடங்கிக் கையக் கிழிச்சிட்டதே."

"அதான் கேக்கறேன். இன்னா ஸ்டீலு?"

"ஸ்டீலுதான் மாமா."

ராஜாங்கம் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியாடா இளஞ்செழியா? ஸ்டீலுதானாம்!"

இளஞ்செழியன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மேலதிகாரி சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று இருபது வருஷமாகப் பழகியவன். சிரித்தான்.

"கடையில ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன் மாமா. நல்லா பூட்டுது."

"கடையிலயா? கச்சிராயபாளையத்துலயா?" ராஜாங்கம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஏம்மா, ஒன் வெரலு அதுல கீது. நீ பேசாம இரு. நான் பாக்கறேன்."

அன்று மத்தியானம் வரை ராஜாங்கத்துக்குக் கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாயங்காலத்துக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் பனியில் நின்றுகொண்டு கத்தியைப் பற்றிப் பேசும் வீடியோக்களை அவர் வரிசையாகப் பார்த்தார். அவர்களில் ஒருவர்கூட எதையும் அறுக்கவில்லை. காகிதத்தைக் கிழித்தார்கள். முழங்கை ரோமத்தைச் சிரைத்தார்கள். கத்தியைத் திறந்து மூடி, திறந்து மூடி, அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார்கள். ராஜாங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இருக்க முடியாது.

ஊரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் பகலவன் அவருக்கு நண்பர். நண்பர் என்றால், இவர் ஒன்று சொன்னால் அவர் வேறொன்று சொல்வார் என்று அர்த்தம். பகலவனிடம் துபாய் மச்சான் கொடுத்த இரண்டு கத்திகள் இருந்தன. இரண்டும் இன்னும் பெட்டியில் இருந்தன. அவற்றை வாங்கி வந்து ராஜாங்கம் தன் இடது கை ரோமத்தின் மேல் சோதனை நடத்தினார். மூன்றே நாளில் இடது கை வழுக்கையாகிவிட்டது.

"பாதி உரிச்ச கோழி மாதிரி கீறாரு. வெளிய கூட்டிக்கினு போறதுக்கே கூச்சமா கீது" என்று அவர் மனைவி தங்கமணி போனில் செல்வியிடம் சொன்னாள்.

அப்புறம் எடை விவகாரம். ஒரு கத்தி எண்பத்து நாலு கிராம், இன்னொன்று தொண்ணூற்றொன்று. இதற்காக ராஜாங்கம் செல்வி வேலையில் இருக்கும்போது, அவள் ஒரு எருமையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போன் செய்தார்.

"ஏழு கிராம் வித்தியாசம்! நாள் முழுக்கத் தூக்கிக்கினு நடக்கறவளுக்கு ஏழு கிராம்னா இன்னான்னு தெரியுமா?"

"ஐஸ் பெட்டியே ஆறு கிலோ மாமா."

"அதனாலதான் சொல்றேன்!"

சொன்னவருடைய எடை நூற்று நாலு கிலோ. சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க இரண்டு கையும் ஒரு மேசையும் வேண்டும்.

எந்த நாட்டு ஸ்டீல் என்பதில் அவருக்கும் பகலவனுக்கும் சண்டை வந்தது. ஸ்வீடன் என்றார் இவர். ஜப்பான் என்றார் அவர். சின்னசேலம் தாண்டி இருவரும் தனியாக எங்கும் போனதில்லை. நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஊர் வாட்ஸப் குழுவில் மட்டும் ஒருவருக்கொருவர் கத்திப் படம் அனுப்பிக் குத்திக்கொண்டார்கள். இவ்வளவுக்கும் நடுவில், மாட்டின் பக்கத்தில் நிற்கிறவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவள் கத்தியைப் பயன்படுத்துகிறவள்தானே, அறிந்தவள் இல்லையே.

"நான் அந்த ஆரஞ்சு கத்திய வாங்கிக்கறேங்க. முகாமுக்கு நாளு நெருங்கிக்கினு வருது" என்றாள் செல்வி கணவனிடம்.

"அவசரப்படாத. அண்ணன் நமக்குன்னு எவ்ளோ மெனக்கெடறாரு. நீ பாட்டுக்கு ஒண்ண வாங்கினா அவரு மூஞ்சிய எங்க வெச்சிப்பாரு?"

"மூஞ்சி அவருகிட்டயேதான் இருக்கும். வெரலு என்னுதுங்க."

"உனுக்கு எதுக்கெடுத்தாலும் எடக்கு."

ஆயுத பூசைக்கு முதல் நாள் கத்தி வந்து சேர்ந்தது. ஸ்வீடன் ஸ்டீல், எண்பத்து நாலு கிராம். பூசைக்காக நைனார்பாளையம் போன செல்வி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே 'டக்' என்ற சத்தத்தைக் கேட்டாள். சுத்தமான, கெட்டியான சத்தம். இரண்டு உலோகம் ஒன்றோடொன்று சரியாகப் போய் உட்காரும் சத்தம். மனிதர் தெரியாத்தனமாக நல்ல கத்தியையே வாங்கிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. அதைக் கேட்டுக் கொஞ்சம் சந்தோஷமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

"குடுங்க மாமா, பாக்கறேன்."

"பூசை ஆவாம தொடக்கூடாது" என்று ராஜாங்கம் கத்தியை மடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

வாசலில் டிராக்டர் குளித்துவிட்டு நெற்றிப் பட்டையோடு நின்றது. கூடத்தில் அரிவாள், களைக்கொத்து, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், தங்கமணியின் தையல் மிஷின் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு முன்னால் தனியாக ஒரு பெரிய பித்தளைத் தட்டு, அதில் பட்டுத் துணி, அதன் மேல் அந்தக் கத்தி.

"இன்னாக்கா, தனிப் பந்தி?" என்றாள் செல்வி.

"எங் கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்ளோ பெரிய தட்டு வெக்கல போ" என்றாள் தங்கமணி. "அந்தத் துணி என் பொடவைல கிழிச்சது."

மற்ற ஆயுதங்களுக்கு எல்லாரும் வைப்பது போலக் கைப்பிடியில்தான் சந்தனம் வைத்திருந்தாள் தங்கமணி. கத்திக்கு மட்டும் ராஜாங்கமே வைப்பார் என்று முடிவாகியிருந்தது. சந்தனக் கிண்ணத்தோடு அவர் தரையில் உட்கார, பகலவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். சண்டை தீர்ந்துவிட்டது போலிருந்தது.

"கத்திக்கு இதயம் எது?" என்று ராஜாங்கம் கூடத்தைப் பார்த்துக் கேட்டார்.

பகலவன் போனைக் கத்திக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"பிவட்! அலகு திரும்புற இந்த அச்சு. இத வுட்டுட்டுக் கைப்பிடில பொட்டு வெச்சா அது வெறும் அலங்காரம்." கத்தியைப் பாதி விரித்து, மோதிர விரலில் சந்தனத்தை அள்ளி, அச்சிடுக்கில் திணித்தார். ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். அதன் மேல் குங்குமம். குங்குமத்தின் மேல் நாலு சொட்டுப் பன்னீர். பன்னீர் எல்லாவற்றையும் குழைத்து அடியில் இழுத்துக்கொண்டு போனது. "உள்ள எறங்கணும். எறங்கினாத்தான் பூசை."

செல்விக்குப் பொறுக்கவில்லை. "மாமா, பூட்டுத் தகடு அங்கதான் வந்து முட்டுக் குடுக்குது. உள்ள காஞ்சிட்டா கல்லாட்டம் ஆயிடும்."

"காயட்டுமே! சந்தனம் குளிர்ச்சிம்மா. ஸ்டீலு சூடாவாம பாத்துக்கும்."

"இந்தப் பாயின்டு எந்த வீடியோவுலயும் வர்ல" என்றார் பகலவன், பொறாமையோடு.

பூசையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. ஆகவே கத்தி ராத்திரி முழுக்கச் சாமி முன்னால் இருந்து, நிதானமாகக் காய்ந்தது.

மறுநாள் மறுபூசை முடிந்து, டிராக்டர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு, வாசலில் நாற்காலி போட்டு ராஜாங்கம் பேசினார். கத்தி என்பது என்ன, ஏன் எல்லாருக்கும் அது புரிவதில்லை, மூன்று வாரம் தான் தூங்காதது, எடைக்கும் பலத்துக்கும் உள்ள உறவு எல்லாம் அதில் வந்தன. சொந்தக்காரர்கள் பொரியைத் தின்றுகொண்டு கேட்டார்கள். கடைசியில் வெற்றிலைத் தட்டில் கத்தியை வைத்து நீட்டினார். செல்வி எடுத்து, கட்டைவிரலால் தள்ளினாள்.

'டக்' இல்லை. சோற்றில் மணல் கடிபடுகிற மாதிரி ஒரு 'நற'. அலகு தயங்கித் தயங்கி விரிந்தது. திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருக்கிற தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும். அது கால்வாசி வந்து, காய்ந்த சந்தனத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

விரல்களை எல்லாம் ஒதுக்கி, உள்ளங்கையால் மட்டும் பிடித்து, கத்தியின் முதுகை டிராக்டர் டயரில் வைத்து லேசாக அழுத்தினாள். கத்தி பவ்யமாக மடங்கிக்கொண்டது.

பொரி தின்கிற சத்தம் நின்றது.

"ஏம்மா," என்றார் ராஜாங்கம், "யாராவது கத்திய முதுகால அழுத்துவாங்களா? மொனையால குத்தணும், அலகால அறுக்கணும். முதுகுல இன்னா வேல?"

"மாடு திரும்பினா எட முதுகுலதான் மாமா உழுவுது."

"அப்ப மாட்டத் திரும்பாம பாத்துக்கோ."

பகலவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இளஞ்செழியனும் சிரித்தான்.

"புது வண்டி வாங்கினா மொத ஆயிரம் கிலோமீட்டரு மெதுவா ஓட்டறோம் இல்ல? கத்தியும் அப்படித்தான். ரன்னிங் ஆவணும்" என்றார் ராஜாங்கம்.

"எது மேல ரன்னிங் ஆவணும் மாமா? என் வெரலு மேலயா?"

வாசலில் இருந்த எல்லாரும் செல்வியைப் பார்த்தார்கள். தங்கமணி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு டிராக்டர் பக்கம் திரும்பினாள்.

செல்வி குரலைத் தாழ்த்தினாள். "கத்தி நல்ல கத்திதான் மாமா. சந்தனம்தான் புடிச்சிக்கினு கீது. கழுவினா சரியாப்பூடும்."

"கழுவறதா?" ராஜாங்கம் எழுந்தே நின்றுவிட்டார். மேசைகூடத் தேவைப்படவில்லை. "சாமிக்கு வெச்சத கழுவுவாளாம்டா! மொத வேல முடியற வரைக்கும் அந்தப் பொட்டு அழியக்கூடாது. திங்கக்கெழம நான் மலைக்கு வர்றேன். பகலவன் வீடியோ எடுப்பாரு. பொட்டோட இருக்கணும், சொல்லிட்டேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில் இளஞ்செழியன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஒரு நாளு அனுசரிச்சிக்கினா இன்னா? வீடியோ எடுக்கறப்ப மட்டும் அத வெச்சி அறு. மெதுவா அறு."

"மெதுவா மடங்குமா அது?"

"அவரு பெரியவரு செல்வி."

"ஆமா. நூத்தி நாலு கிலோ."

சனிக்கிழமை அவள் கச்சிராயபாளையம் சாலைக் கடைக்கே போய்விட்டாள். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "ஆரஞ்சா? அது போன வாரமே போயிட்டதும்மா. இனிமே தீபாவளிக்கு மேலதான் சரக்கு வரும். நீங்கதான் பாத்துட்டுப் பாத்துட்டுப் போனீங்களே, அன்னிக்கே எடுத்திருக்கலாம்ல?"

எடுத்திருக்கலாம்தான். மூன்று வாரம் ஏழு கிராமுக்குப் போய்விட்டது என்று கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? அவள் கடையில் இருந்த மற்றதையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். ஒன்றில்கூடப் பூட்டு இல்லை. எல்லாம் ஆடி மாதக் கத்திகள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இளஞ்செழியன் கறி வாங்கப் போனதும் ஒரு சொம்பில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் தையல் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றாள். சாமி குற்றம் என்கிற பயம் அவளுக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் சாமிக்குப் பொட்டு போதும், அச்சிடுக்கு வரைக்கும் போய் உட்கார வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்டதாக அவளுக்குத் தெரியவில்லை. கேட்டது ராஜாங்கம்.

கத்தியை விரித்துக் கொதிக்கிற நீரில் போட்டாள். தண்ணீர் மெல்லச் சிவந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்க்கத் தேய்க்க, சந்தனம் கட்டி கட்டியாக வந்தது. ஊக்கு முனையால் நோண்டினாள். இன்னும் வந்தது. ஒரு மனிதர் ஒரு விரலால் இவ்வளவு திணிக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. துடைத்து, வெயிலில் காயவைத்து, அச்சில் இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டுத் தள்ளினாள்.

டக்.

அம்மி விளிம்பில் முதுகை வைத்து அழுத்தினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். உடம்பு எடையைப் போட்டு அழுத்தினாள். அம்மிதான் நகர்ந்தது.

கறியோடு வந்த இளஞ்செழியன் சொம்பில் இருந்த செந்நீரைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான். "கழுவிட்டியா?"

"கழுவிட்டேன்."

"அண்ணன் கேட்டா இன்னா சொல்லுவ?"

"கழுவிட்டேன்னு."

"மழையில அழிஞ்சிட்டதுன்னு சொல்லேன்!"

"மழ வந்தா சொல்றேன்."

திங்கட்கிழமை மழை வரவில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் திடலில் முகாம். காலையிலிருந்து மாடுகள் வரிசை கட்டின. பதினோரு மணிக்கு மேல் பகலவனின் வெள்ளை ஜீப் வந்து நின்றது. ராஜாங்கம் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இறங்கி, திடலைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். மாடு இருக்கிற இடத்தில் சாணி இருக்கும் என்பது எந்த வீடியோவிலும் சொல்லப்படாத பாயின்ட் போலிருக்கிறது.

"எங்கம்மா நம்ம கத்தி?"

செல்வி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அது பளிச்சென்று இருந்தது. அதுதான் பிரச்சினை.

"பொட்டு எங்க?"

"கழுவிட்டேன் மாமா."

ராஜாங்கத்தின் முகம் குங்குமத்துக்கு வேலையே இல்லாத நிறத்துக்கு வந்தது. "பெரிய மனுஷன் ஒருத்தன் சொன்னா..." என்று ஆரம்பித்தார். "கேமராவ நிறுத்துய்யா!" என்று பகலவனைப் பார்த்துக் கத்தினார். பகலவன் போனைக் கொஞ்சம் இறக்கினார். நிறுத்தவில்லை.

அதற்குள் டாக்டர் கூப்பிட்டார். "செல்வி, இங்க வாம்மா. கயிறு."

சின்னதுரை என்கிற விவசாயி ஒரு கிடாரியை இழுத்துக்கொண்டு நின்றான். இரண்டு வயது இருக்கும். கழுத்தின் அடியில் நீலக் கயிறு இரண்டு அங்குலம் தெரிந்தது. மீதி தோலுக்குள் போய், சுற்றிலும் சீழ் வைத்து வீங்கியிருந்தது. ஈ மொய்த்தது.

"எப்பண்ணா கட்டினது?" என்றாள் செல்வி.

"மறந்தே போயிட்டேம்மா" என்றான் சின்னதுரை, மாட்டிடம் மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி அதன் முதுகைத் தடவிக்கொண்டு.

டாக்டர் மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார். சின்னதுரை மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தான். செல்வி இடது கையால் கிடாரியின் தாடையைத் தாங்கி, வலது கட்டைவிரலால் கத்தியைத் தள்ளினாள். டக். தெரிகிற இடத்தில் முனையைச் செருகினாள். கூர்ப்பக்கம் தன்னைப் பார்த்து. ஆள்காட்டி விரல் அலகின் அடியில், தழும்பு இருக்கிற இடம் நேராக மடங்குகிற வழியில். வேறு எங்கும் வைத்துப் பிடிக்க முடியாது. கிடாரி அசைந்தது. ஆடி மாதமும் இதே போலத்தான், இவ்வளவு தூரம் வந்தபோதுதான்.

"அசையவுடாதண்ணா!"

கிடாரி தலையைத் திருப்பியது. சின்னதுரை இரண்டடி வழுக்கினான். மாட்டின் கழுத்து முழுசாக வந்து கத்தியின் முதுகில் மோதியது. செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை.

கத்தி மடங்கவில்லை.

கண்ணைத் திறந்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். நீலக் கயிறு புரி புரியாக விட்டது. டாக்டர் இடுக்கியால் பிடித்து உருவ, சீழோடு கயிறு முழுவதும் வெளியே வந்தது. கிடாரி ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு கழுத்தை நீட்டியது.

செல்வி விரலைப் பார்த்தாள். சீழும் ரத்தமும் அப்பியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தாள். ரத்தம் மாட்டினுடையது. விரலில் பழைய நாலு தையல் தழும்பு மட்டும் இருந்தது. ஒரு முறை மடக்கி நீட்டினாள். மடங்கியது.

"பாத்தியா!" ராஜாங்கத்தின் குரல் திடல் முழுக்கக் கேட்டது. கோபம் எந்த வழியாகப் போனது என்று தெரியவில்லை. பகலவனின் போனைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "எடை எண்பத்து நாலு கிராம்! பலம்? ஒரு மாட்டோட பலம்! மூணு வாரம் ஆராய்ச்சி பண்ணி நான் தேர்வு பண்ணது. பூசையில வெச்ச சந்தனத்தோட சக்தி உள்ள எறங்கியிருக்கு!"

"சந்தனம் சொம்புல எறங்கிட்டது மாமா" என்றாள் செல்வி, கத்தியைத் துடைத்துக்கொண்டே.

சின்னதுரைக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சிரித்தான். டாக்டர் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

ராஜாங்கம் பக்கத்தில் வந்தார். அவர் கண் கத்தியின் மேல் இருந்தது. மூன்று வாரம் அவர் வீடியோவில் பார்த்த எந்தக் கத்தியும் செய்யாத ஒரு காரியத்தை இது செய்துவிட்டது. வேலை செய்கிற பொருளை அவர் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. குரலைத் தணித்து, பெரிய மனது பண்ணுகிற தோரணையில் பேசினார்.

"ஏம்மா, இவ்ளோ தரமான பொருள இந்தச் சீழுலயும் சாணியிலயும் போட்டுப் பொரட்டறது எனுக்கு மனசே ஆவல. இது வூட்ல, ஒரு கண்ணாடிப் பெட்டியில இருக்க வேண்டியது. எங்கிட்ட குடுத்துரு. உனுக்கு... கச்சிராயபாளையத்துல எதோ ஒண்ணு பாத்து வெச்சிருந்தியே, ஆரஞ்சு, அது போதும்."

கையை நீட்டினார். அது வழுக்கையான இடது கை.

செல்வி அந்தக் கையைப் பார்த்தாள். தங்கமணி சொன்ன கோழி ஞாபகத்துக்கு வந்தது. இளஞ்செழியன் இங்கே இருந்திருந்தால் குடுத்துடு என்று கண்ணால் சொல்லியிருப்பான் என்பதும் தெரிந்தது. கத்தியை மடித்தாள். சட்டைப் பைக்குள் போட்டு, பொத்தானைப் போட்டாள்.

"இன்னும் அறுவது மாடு கீது மாமா. இருவது நாளு கீது."

"நான் வாங்கினது அது!"

"எனுக்குன்னுதான வாங்கினீங்க? ஊரெல்லாம் கூட்டி வெத்தலத் தட்டுல வெச்சிக் குடுத்தீங்க. வீடியோ அவருகிட்ட கீதே." பகலவனைக் காட்டினாள். பகலவன் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் ஸ்வீடனுக்கும் ஜப்பானுக்கும் உள்ள பழைய கணக்கு கொஞ்சம் இருந்தது.

வரிசையில் அடுத்து நின்றது ஒரு காளை. பிடித்திருந்த கிழவி அதோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். செல்வி அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கி, நீட்டியபடியே இருந்த ராஜாங்கத்தின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.

"இறுக்கிப் புடிங்க மாமா. திரும்பாம பாத்துக்குங்க."

காளை திரும்பிப் பார்த்தது. வெள்ளைச் சட்டை அதற்குப் பிடிக்கவில்லை போலிருந்தது.